சுதை பூசிய குளியலறை

நம் நாட்டு இல்லங்களுக்கு இரு முகங்கள் உண்டு. ஒன்று வீதியை நோக்கியது; மற்றொன்று புறக்கடையை நோக்கியது. பண்டிகை அணுகும்போது முன்முகம் வெள்ளையும் வண்ணமும் பெற்றுப் பொலியும். பின்முகமோ பாசியும் உவரும் தாங்கி, ஆண்டு பல கழியினும் ஒருவராலும் நோக்கப்படாது கிடக்கும். விருந்தினர் காணாத இடத்திற்குச் செலவு எதற்கு என்பது பலர்தம் எண்ணம். ஆயின், விருந்தினர் திண்ணையில் ஒரு நாழிகை இருந்து எழுந்து போவர். வீட்டார் நாள்தோறும் தம் உடலைத் தூய்மை செய்துகொள்வது அப்புறக்கடையில் அன்றோ? இவ்வுண்மையை யாம் நூலிற் கற்றிலோம். சென்ற கோடை விடுமுறையில், ராயகிரியிலுள்ள எம் இல்லத்துக் குளியலறைச் சுவர்களிடம் கற்றோம். கற்றதை நம் கல்லூரி அன்பர்க்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ராயகிரி, மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழ்ப்புறத்தே அமைந்ததொரு பேரூர். 2019ஆம் ஆண்டில் தென்காசி மாவட்டம் பிரிக்கப்படும் வரை இது திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. இவ்வூரில் எம் தாத்தா செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய வீட்டில்தான் யாம் வாழ்கின்றோம். வீட்டின் பின்புறத்தே, ஓடு வேய்ந்த தனிக் குளியலறை ஒன்றுண்டு. அதன் மேற்சுவர் பழைய சுண்ணாம்புப் பூச்சு. இடுப்பளவுக்குக் கீழே பிற்காலத்திற் பூசிய சிமெண்ட். தரை கடப்பைக் கல். பல்லாண்டுகட்கு முன் யாரோ ஒருவர் அச்சுவர் முழுவதற்கும் பச்சை எனாமல் அடித்துச் சென்றிருந்தார். அப்பச்சை கொப்புளமிட்டு, அப்பளம்போல் உரிந்து, உரிந்த இடமெல்லாம் கரும்பூஞ்சணம் படர்ந்திருந்தது. சாளரம் ஒரு சாண் அகலமே. நண்பகலிலும் அவ்வறை அந்தியொளியிலேயே இருந்தது.

இக்குறைகளை யாவரும் அறிந்திருந்தோம், பொறுத்தும் இருந்தோம். பொறுக்கவொண்ணாததாக்கியது ஒரு செய்தி. எம் ஆச்சிக்கு வயது 78. கண்புரையினால் அவர்க்குப் பார்வை மங்கி வந்தது. விடுமுறைக்கு யாம் வீடு சேர்ந்த சின்னாட்களில், ஆச்சி கிழமைக்கு இருமுறையே குளிக்கின்றார் என்பதை எம் தாயார் கண்டறிந்தார். நாள்தோறும் குளித்து, வெளுத்த சேலை உடுத்தி, அதன்பின்னரே அடுப்பங்கரை புகும் வழக்கமுடையவர் அவர். காரணம் வினவியபோது முதலில் மழுப்பினார், பின்னர், “படி எங்க முடியுது, தரை எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியல தாயி, கல்லு வழுக்குது. விழுந்து கெடந்தா உங்களுக்குத்தான பாடு” என்றார். துணைக்கு ஒருவர் உள்ளே வருவதை அவர் விரும்பவில்லை. குளிக்கும் வேளையில் பிறர் கண்முன் நிற்றல், அவர் வாழ்வில் ஒருநாளும் நிகழாதது. முதுமையிலே எலும்பு முறிதல் எத்துணைக் கொடிது என்பதை யாவரும் அறிவர். ஆயின், விழாமை பொருட்டு நாணத்தை விடுதலும், நாணத்தின் பொருட்டுத் தூய்மையை விடுதலும் ஆகிய இரண்டனுள் ஒன்றை ஒரு முதியவர் தேர்ந்துகொள்ள நேர்வதும் கொடிதே.

கொத்தனார் ஒருவரை அழைத்துக் காட்டினோம். சுவரை முற்றும் கொத்தியெடுத்து, ஓட்டை நீக்கிக் கான்கிரீட் தளமிட்டு, சுவரிலும் தரையிலும் டைல்ஸ் பதித்தல் நலம் என்றார். அறுபதினாயிரம் ரூபாய்க்குக் குறையாது என்றும் கூறினார். அவர் கூறியது முறையற்றதன்று; நெடுநாள் நிற்கும் வேலை அதுவே. ஆயின், எம் வீட்டில் அவ்வேளை இருந்த தொகை, சூன் மாதத்துக் கல்லூரிக் கட்டணத்திற்கென எடுத்து வைத்தது மட்டுமே. “எனக்கு என்னத்துக்குப் பிள்ளைகளா இந்தச் செலவு? நீங்க காலேஜுப் பீஸக் கட்டுங்க” என்று ஆச்சி அப்பேச்சை முடித்துவிட்டார். யாமும் தம்பியும் அன்றிரவு ஒரு தாளில் கணக்கிட்டோம். இடிக்காமல், எம் கைகளாலேயே செய்யத்தக்கவை எவை என்று வரிசைப்படுத்தினோம். நாலாயிரத்துக்கு மேற்போகாது செய்து முடிப்பதென்று துணிந்தோம்.

ஈண்டு ஒரு பழைய விதியை நினைவு கூர்தல் பொருந்தும். லேவியராகமத்தின் 14ஆம் அதிகாரத்திலே, வீட்டுச் சுவரில் தோன்றும் பூசணத்தைக் குறித்ததொரு சட்டம் உண்டு. ஆசாரியன் வந்து பார்க்க வேண்டும். வீட்டை ஏழு நாள் அடைத்து வைக்க வேண்டும். பின்னர்ப் பழுதுற்ற கற்களைப் பெயர்த்து, சுவரைச் சுரண்டி, வேறு கல்லும் வேறு சாந்தும் இட வேண்டும். சுரண்டாமல் மேலே பூசுக என்று அச்சட்டம் ஓரிடத்தும் கூறவில்லை. வகுப்பறையில் இப்பகுதியைக் கடந்து செல்லும்போது சுவையற்றதென்று எண்ணியிருந்தோர், கையிற் கரண்டியோடு ஈரச்சுவரின் முன் நின்று பார்ப்பாராயின், இதனினும் தெளிந்த கட்டட விதி வேறில்லை என்றே கூறுவர்.

ஆகலின் பூசுவதற்கு முன் ஈரத்தின் மூலத்தைத் தேடினோம். மேல்தொட்டியிலிருந்து வரும் குழாயின் இணைப்பொன்று சுவரினுள்ளே கசிந்துகொண்டிருந்தது. உடைந்த ஓடு ஒன்றின் வழியே மழைநீர் இறங்கிய தடமும் புலப்பட்டது. மொகஞ்சதாரோவின் பெருங்குளத்தை நாலாயிரம் ஆண்டுகட்கு முன் கட்டியவர், செங்கற்களை நெருக்கமாக அடுக்கி, நீர் ஊடுருவாதபடி நிலக்கீலும் பூசியிருந்தனர் என்பர் அகழாய்வாளர். நீரைத் தடுத்த பின்னரே அழகு என்பது அத்துணைப் பழைய அறிவு. கொத்தனாரை அரைநாள் வேலைக்கு மட்டும் அழைத்து, இணைப்பைச் சரிசெய்யவும், வழுக்கும் கடப்பைக் கல்லைச் சிற்றுளியால் கொத்திவிடவும் வேண்டினோம். உடைந்த ஓட்டையும் அதனருகே மற்றொன்றையும் அகற்றி இரண்டு கண்ணாடி ஓடுகளை இட்டோம். அந்நொடியே அறையினுள் ஒளி இறங்கிற்று. ஒரு துளி வண்ணம் தொடுமுன்னரே பாதி வேலை முடிந்ததுபோல் தோன்றிற்று. பின்னர் அறையை ஏழு நாள் உலரவிட்டோம். அந்நாட்களில் அடுத்த தெருவிலுள்ள அத்தை வீடு எமக்கு உதவிற்று.

பச்சை எனாமல் ஏன் உரிந்தது? எனாமல் சுவரின்மேல் ஒரு தோலாகப் படிவது. செங்கற் சுவரினுள் புகுந்த ஈரம் வெளியேற வழி தேடும்; தோல் மறிக்கும்; ஈரத்தோடு வந்த உப்பு தோலின் பின்னே படிகமாகி, அதனைத் தள்ளிக் கொப்புளமாக்கும். சுண்ணாம்பு அவ்வாறன்று. அது நுண்டுளைகள் உடையது. ஈரம் அதனூடே வெளியேறிக் காற்றிற் கலக்கும். ஆகவே பழஞ்சுண்ணாம்புச் சுவர்க்குச் சுண்ணாம்பே உற்ற ஆடை என்று துணிந்தோம்.

எனாமலைச் சுரண்டுதல் ஐந்து நாள் வேலை. இதிலே ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. பழைய எனாமல்களில் ஈயம் கலந்திருக்கக் கூடும். நம் நாட்டில் வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து இலட்சம் பங்கிற்கு 90 பங்கினை மிஞ்சலாகாது என்னும் விதி 2016இல் வகுக்கப்பெற்று, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முற்பட்ட பூச்சை உலரத் தேய்த்தால் எழும் தூள் நஞ்சாகலாம். சிறுவர்க்கு மிகவும் தீது. ஆதலின் சுவரை நீரால் நனைத்து நனைத்தே சுரண்டினோம். தகரக் கதவையும் நீரில் தோய்த்த உப்புத்தாளாலேயே தேய்த்தோம். மூக்கும் வாயும் மூடும் கவசம் அணிந்தோம். உரிந்த தூளைப் பையிற் கட்டி அகற்றினோம். சிறு பிள்ளைகளை அப்பக்கம் விடவில்லை. தரையின் பாசியைப் பிளீச்சிங் பொடி கரைத்த நீரால் தேய்த்துப் போக்கினோம். அப்பொடியோடு குளியலறை அமிலத்தைச் சேர்த்தால் குளோரின் என்னும் நச்சுவாயு எழும். ஆதலின் அமிலத்தை வீட்டிற்கே கொண்டுவரவில்லை. குழாய்களில் உறைந்திருந்த உப்புக்கறைக்கு எலுமிச்சைச் சாறே போதுமானதாயிற்று.

இனிச் சுண்ணாம்பின் வரலாறு. சுண்ணாம்புக்கல்லைக் காளவாயிலிட்டு ஏறத்தாழ 900 பாகை செல்சியசு வெப்பத்திற் சுட்டால், அதிலுள்ள கரியமிலவாயு நீங்கும். நூறு பங்கு கல்லில் 56 பங்கே நீற்றாத சுண்ணாம்பாக எஞ்சும். அதன்மேல் நீர் வார்த்தால் கொதித்துப் பொங்கி நீறாகும். அந்நீற்றைக் கரைத்துச் சுவரிற் பூசினால், காற்றிலுள்ள கரியமிலவாயுவை மெல்ல மெல்ல மீளப் பெற்று மறுபடியும் கல்லாகும். கல்லாய்ப் பிறந்து, தீயிற் புகுந்து, நீரில் அவிந்து, காற்றினால் மீண்டும் கல்லாகின்ற இப்பொருளைப் போல் ஐம்பூதங்களோடும் உறவாடுவது வேறில்லை. பண்டை உரோமரின் கட்டட விதிகளில், மூன்றாண்டு ஊறாத சுண்ணாம்பை ஒப்பந்தக்காரர் பயன்படுத்தலாகாது என்றிருந்ததாகப் பிளினி குறித்துள்ளார். கல்லூரி திறக்க மூன்று கிழமையே இருந்தமையின், யாம் ஒரு கிழமை ஊறவைத்தோம்.

நீற்றுதல் விளையாட்டன்று. இரும்புத் தொட்டியில் முதலில் நீர்விட்டு, பின்னர்ச் சுண்ணாம்புக் கட்டிகளைச் சிறிது சிறிதாக இட்டோம். சுண்ணாம்புநீர் கடுங்காரம், கண்ணில் தெறித்தால் பார்வையையே கெடுக்கும். ஆகவே கண்ணாடியும் கையுறையும் அணிந்தோம். தெறித்தால் உடனே கழுவுதற்கு ஒரு குடம் நன்னீரையும் அருகே வைத்தோம். அக்காரமே பூஞ்சணத்திற்குப் பகை என்பதும் கருதத்தக்கது. முன்னாளில் வெள்ளை ஒட்டுதற்பொருட்டு வச்சிரமோ அரிசிக்கஞ்சியோ கலப்பர். ஈரமிக்க அறையில் கஞ்சி பூஞ்சணத்திற்கே உணவாகுமாதலின் அதனை விலக்கி, சிறிது உப்பும் ஒரு சிமிழ் நீலமும் மட்டும் சேர்த்தோம். வெண்மையிலுள்ள மஞ்சட்சாயையை நீலம் மறைக்கும். வெண்மை குளிர்ந்து தோன்றும்.

மேற்சுவர்க்குச் சுண்ணாம்பு, நீர் தெறிக்கும் கீழ்ச்சுவர் சிமெண்ட் பூச்சாதலின் அதற்குச் சிமெண்ட் வண்ணப்பொடி. கீழ்ப்பகுதிக்கு என்ன நிறம் என்பதிற் சிறு வழக்கு எழுந்தது. தம்பி நீலம் என்றான். அம்மா சந்தனம் என்றார். தமிழ் பயில்வோராகிய எமக்கு அப்போது நெடுநல்வாடை நினைவிற்கு வந்தது. பாண்டிமாதேவியின் அரண்மனையைப் புனையுமிடத்து, வெள்ளியென விளங்கும் சுதையையும், செம்பினாற் செய்தாற் போன்ற திண்ணிய நெடுஞ்சுவரையும் ஒருங்கே காட்டுகின்றார் நக்கீரர். மேலே வெள்ளி, கீழே செம்பு. காவியே தகும் என்றோம். “அரண்மனை நிறத்தில் குளியலறையா?” என்று தம்பி நகைத்தான். ஆயின், அவ்வாறு தேர்ந்ததற்குப் புலமையன்றி வேறொரு காரணமும் இருந்தது. கண்புரை உடையார்க்கு நிறத்திலும் நிறத்தின் வேறுபாடே துணை. வெண்சுவரில் வெண்கைப்பிடி அவர்க்குப் புலப்படாது. காவிச்சுவரில் வெண்கைப்பிடி பளிச்செனத் தோன்றும். ஆகவே பட்டறையில் ஓர் இரும்புக் குழாய்க் கைப்பிடி செய்வித்து, முதற்பூச்சிட்டு வெள்ளை எனாமல் அடித்துக் காவிச்சுவரிற் பதித்தோம். வாயிற்படியின் விளிம்புக்கு மஞ்சள். அதனையும் படியின் முகப்பில் மட்டும் தீட்டினோம். கால் வைக்கும் மேற்பரப்பில் எனாமல் அடித்தால், நனைந்தபோது அதுவே வழுக்கும்.

பூசும் நாட்களில் சித்தி மக்கள் மூவர் வேடிக்கை பார்க்க வந்தனர். மார்க் துவைன் 1876இல் வெளியிட்ட கதையில், டாம் சாயர் என்னும் சிறுவன் வேலிக்கு வெள்ளையடிப்பதை ஒரு பெரும்பேறுபோல் நடித்துக் காட்டி, தோழர்களிடம் கூலி வாங்கிக்கொண்டு அவர்களையே அடிக்கச் செய்வான். எமக்கு அத்துணைச் சூழ்ச்சி வேண்டியிருக்கவில்லை. அம்மா பொரித்த உளுந்தவடையே போதுமானதாயிற்று. ஆயினும் சுண்ணாம்பருகே சிறுவரை விடாது, காவியின் இரண்டாம் பூச்சை மட்டும் அவர்க்களித்தோம்.

சுண்ணாம்பு பொறுமையைக் கற்பிக்கும் ஆசான். சுவரை முன்னதாக நனைத்து, பாலினும் நீர்த்த கரைசலை, வெயில் தாழ்ந்த பின் மட்டையால் மெல்லியதாகப் பூச வேண்டும். தடித்துப் பூசினால் வெடித்து உதிரும். பூசிய பொழுது அது தண்ணீரைப் போன்றே தோன்றும். முதல் நாள் மாலை ஆச்சி வந்து சுவரருகே கண்ணை இடுக்கிப் பார்த்து, “வெறுந் தண்ணியவா அடிச்சிருக்கிய?” என்றார். மறுநாட் காலை வெண்மை தானே வெளிப்பட்டிருந்தது. நாளுக்கொன்றாக மூன்று பூச்சு முடிந்தபோது, கண்ணாடி ஓட்டின் வழியே இறங்கிய ஒளி சுவரிற் பட்டு அறையெங்கும் பரவிற்று. கீழ்ச்சுவரின் சிமெண்ட் வண்ணத்திற்கோ உலர்ச்சியே பகை. ஒவ்வொரு பூச்சும் இறுகிய பின் அதன்மேல் நீர் தெளித்து வந்தோம். ஒரே சுவரின் இரு பாதிகளும் வெவ்வேறு வளர்ப்பு வேண்டும் இரு குழவிகளைப் போன்றிருந்தன.

செலவை ஒளியாது உரைக்கின்றோம். சுண்ணாம்பும் நீலமும் 260 ரூபாய், சிமெண்ட் வண்ணப்பொடி 350, முதற்பூச்சும் இரு நிற எனாமலும் 540, மட்டை, பிரஷ், உப்புத்தாள், கையுறை, கவசம் 480, ஒட்டுவேலைக்குச் சிமெண்டும் மணலும் 320, கண்ணாடி ஓடு இரண்டு 400, கைப்பிடி 650, கொத்தனாரின் அரைநாட்கூலி 700. ஆக மொத்தம் 3,700 ரூபாய். எங்கள் உழைப்பை இக்கணக்கிற் சேர்த்திலோம்.

பெரியப்பா வந்து பார்த்து, “நல்லாத்தான் இருக்கு; ஆனா டைல்ஸ் மாதிரி வருமா?” என்றார். அக்கேள்விக்கு நேர்மையான விடை, வாராது என்பதே. சுண்ணாம்பு சாய்வோர் முதுகில் ஒட்டும். ஈராண்டுக்கொருமுறை மீண்டும் பூச வேண்டும். காவியும் நாளடைவில் மங்கும். டைல்ஸ் ஒருமுறை பதித்தால் ஒரு தலைமுறைக்கு நிற்கும். 1824இல் ஆங்கில நாட்டு ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லந்து சிமெண்டுக்கு உரிமை பெற்றார். 1949இல் நம் நெல்லைச் சீமையின் தாழையூத்திலேயே சிமெண்ட் ஆலை எழுந்தது. அதன்பின் காளவாய்கள் ஒவ்வொன்றாய் அவிந்ததும் இயல்பே; விரைந்து இறுகுவதையும் நெடிது நிற்பதையும் உலகம் விரும்பும். ஆயின், அறுபதினாயிரம் சேரும் வரை ஆச்சி காத்திருக்க வேண்டும் என்பதை எவ்வாறு ஒப்புவது? நிறைவானது கைகூடும் வரை இயன்றதையும் செய்யாதிருத்தல், சிக்கனம் எனப் பெயர் பெறினும், உண்மையில் முதியோர்மேல் சுமத்தப்படும் செலவேயாகும்.

மாணவ நண்பர்காள்! நம்மிற் பெரும்பாலோர் சிற்றூர்களிலிருந்து வருவோர். நம் வீடுகளின் பின்புறத்தே இத்தகைய இருட்டறைகள் பல உண்டு. விடுமுறையில் ஒருநாள் அங்குச் சென்று, கண்களைப் பாதி மூடிக்கொண்டு, படி எங்கே, பற்றுக்கோடு எங்கே என்று தேடிப் பாருங்கள். கசிவை அடைப்பதும், ஓர் ஓட்டை மாற்றுவதும், படியின் விளிம்பில் நாலு விரல் அகலத்திற்கு மஞ்சள் தீட்டுவதும் எவர்க்கும் இயல்வனவே. அவற்றிற்குக் கலைப்பட்டம் வேண்டா. பட்டம் பெறுவோர்க்கு அவை இழுக்கும் ஆகா.

கல்லூரி திறக்குமுன் எஞ்சிய நாட்களில் யாம் ஒன்றைக் கவனித்தோம். விடியற்காலையில் ஆச்சி மாற்றுச் சேலையைத் தோளிலிட்டு, ஒருவரையும் அழையாது புறக்கடை செல்வார். மஞ்சள் விளிம்பைக் காலால் ஒருமுறை தடவி, வெண்கைப்பிடியைப் பற்றி உள்ளே புகுவார். சற்றைக்கெல்லாம் கதவை உட்புறமாகத் தாழிடும் ஓசை கேட்கும். நாள்தோறும் அவ்வோசை கேட்ட பின்னரே அம்மா அடுப்பைப் பற்றவைப்பார்.